வலைவெளியும் வகுப்பறையும்: உத்திரமேரூர்ப் பள்ளிகளை முன்வைத்து

பள்ளி வகுப்பறையில் இணையத்தைப் பயன்படுத்துவது குறித்துத் தமிழ்நாட்டில் நடைபெறும் பேச்சுகள் பெரும்பாலும் இரண்டு கிளைகளாகப் பிரிந்து போகின்றன. ஒன்று பாதுகாப்பைப் பற்றியது. அது முடக்க வேண்டிய தளங்கள், பூட்ட வேண்டிய அறைகள், வாங்கி வைக்க வேண்டிய கைப்பேசிகள் என்ற அளவில் முடிந்துவிடுகிறது. மற்றொன்று படைப்பாற்றலைப் பற்றியது; அது ஆர்வமுள்ள ஓரிரு ஆசிரியர்களின் தனித்திறமை என்று பாராட்டப்பட்டு, ஏனையோர்க்கு எட்டாததாக ஒதுக்கப்படுகிறது. இவ்விரண்டும் ஒரே பணியின் கூறுகள் என்பதும், மாணவர்கள் கூடி அமர்ந்து தம் ஊரைப் பற்றிய ஒரு செய்தியை இணையத்தில் தேடி, சரிபார்த்து, அதிலிருந்து தாமே ஒன்றை ஆக்கி வெளியிடும் வகுப்பறையே பாதுகாப்பான வகுப்பறையாகவும் அமையும் என்பதும் இவ்வுரையின் கருத்து. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களும் இக்கருத்துக்கு உரைகல்லாகக் கொள்ளப்படுகின்றன.

கருவிகள் வந்துவிட்டன என்பது முதலில் ஒப்புக்கொள்ள வேண்டிய உண்மை. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டம், கணினியைத் தொட்டே பார்த்திராத வீடுகளுக்குள் அதைக் கொண்டு சேர்த்தது. 2018-19 கல்வியாண்டில் புதிய பாடநூல்கள் வெளிவந்தபோது அவற்றின் பக்கங்களில் கியூஆர் குறியீடுகள், அதாவது கைப்பேசியின் கேமரா படித்தறிந்து உரிய காணொலிக்கோ பயிற்சிக்கோ இட்டுச் செல்லும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள், அச்சிடப்பட்டன. அவை 2017-இல் மத்திய அரசு தொடங்கிய திக்‌ஷா தளத்தோடு இணைக்கப்பட்டன. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் 6,029-இல் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கும் திட்டமும், தொடக்கப் பள்ளிகளில் 22,931 திறன்மிகு வகுப்பறைகள் அமைக்கும் திட்டமும் அடுத்தடுத்து வந்தன. ஆசிரியர்களும் மாணவர்களும் ஹைடெக் லேப் என்றும் ஸ்மார்ட் போர்டு என்றும் சொல்வன இவையே. ஆகவே இணையம் வகுப்பறைக்குள் வரலாமா என்ற கேள்விக்குக் காலம் கடந்துவிட்டது. வந்த இணையத்தைக் கொண்டு என்ன செய்வது, யார் முன்னிலையில் செய்வது என்பவையே இன்றைய கேள்விகள்.

வகுப்பறைக்கு வெளியே மாணவர் இணையத்தை எவ்வாறு சந்திக்கிறார் என்பதை அறியாமல் இக்கேள்விகளுக்கு விடை காண இயலாது. ஊரக இந்தியாவின் கல்வி நிலையை வீடு வீடாகச் சென்று அளக்கும் ஏசர் ஆய்வு, 2024-ஆம் ஆண்டுக்கான அறிக்கையில் 14 முதல் 16 வயது வரையுள்ளோரிடம் கைப்பேசிப் பயன்பாடு பற்றியும் கேட்டது. அவர்களுள் 82.2 விழுக்காட்டினருக்கு ஸ்மார்ட்போனைக் கையாளத் தெரிந்திருந்தது. கணக்கெடுப்புக்கு முந்தைய வாரத்தில் 57 விழுக்காட்டினர் அதைப் படிப்புக்கும், 76 விழுக்காட்டினர் சமூக ஊடகத்துக்கும் பயன்படுத்தியிருந்தனர். சமூக ஊடகத்தைப் பயன்படுத்தியோருள், தொந்தரவு தரும் ஒரு கணக்கைத் தடுக்கவோ அதன்மீது புகார் அளிக்கவோ தெரிந்தோர் 62 விழுக்காடு; தம் பக்கத்தைப் பிறர் பார்வையிலிருந்து மறைக்கத் தெரிந்தோர் 55.2 விழுக்காடு. இவை நாடளாவிய ஊரக அளவீடுகள் என்பதால் உத்திரமேரூருக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்வதற்கில்லை. எனினும் பயன்பாடு முன்னே ஓட, பாதுகாப்பு அறிவு பின்தங்கி நிற்கும் நிலையை அவை தெளிவாகக் காட்டுகின்றன. சாலவாக்கத்திலோ மானாம்பதியிலோ வாழும் ஒரு மாணவிக்கு வீட்டிலுள்ள ஒரே கைப்பேசி, ஒரகடத்திலோ திருப்பெரும்புதூரிலோ வேலைக்குப் போகும் தந்தையோடு காலையில் கம்பெனிப் பேருந்தில் ஏறிவிட்டால், இரவில்தான் அவள் கைக்கு வரும். அப்போது அவள் அதைத் தனியாக, தந்தையின் பெயரிலுள்ள கணக்கில், கேட்டு அறிய ஒருவரும் அருகில் இல்லாமல் பயன்படுத்துகிறாள். கூடி அமர்ந்து இணையத்தைக் கற்க அவளுக்கு வாய்த்த இடம் பள்ளி ஒன்றுதான்.

கூடிக் கற்பதன் வலிமையை ஆராய்ந்த ஒரு முயற்சி தமிழ் பேசும் சிற்றூர் ஒன்றிலேயே நடந்தது என்பது பலர் கவனத்துக்கு வராத செய்தி. 1999-இல் தில்லியின் கால்காஜிப் பகுதியில் ஒரு மதிற்சுவரில் துளையிட்டுக் கணினியைப் பதித்து, அருகிலிருந்த குடிசைப் பகுதிச் சிறுவர்கள் அதைத் தாமாகவே எவ்வாறு கற்கிறார்கள் என்று கவனித்தவர் சுகதா மித்ரா. அவரும் ரீத்து டாங்வாலும் பின்னர்க் கடற்கரைச் சிற்றூரான காளிக்குப்பத்தில் ஓர் ஆய்வு மேற்கொண்டு, அதன் முடிவுகளை 2010-இல் வெளியிட்டனர். பத்து முதல் பதினான்கு வயது வரையிலான தமிழ்ப் பிள்ளைகள், மூலக்கூற்று உயிரியலின் அடிப்படைகளை, அதாவது உயிரணுவுக்குள் மரபுச் செய்தி படியெடுக்கப்படுவது போன்ற கடினமான பாடங்களை, பொதுவிடத்தில் வைக்கப்பட்ட கணினியைக் கொண்டு ஆசிரியர் இல்லாமலேயே ஓரளவு கற்றனர். அவர்தம் தேர்வு முடிவுகள் அவ்வட்டார அரசுப் பள்ளி மாணவரோடு ஒப்பிடத்தக்கனவாக இருந்தன. பாடத்தை அறியாத, ஆனால் பிள்ளைகளோடு இருந்து ஊக்கமூட்டிய ஒருவர் துணைக்கு வந்தபின், அவர்கள் நகரத்து வசதி மிக்க தனியார் பள்ளி மாணவரை எட்டினர்.

இந்த ஆய்வைக் கொண்டு ஆசிரியரே தேவையில்லை என்று வாதிடுவோர் அதன் பின்பாதியைப் படிக்காதவர்கள். அருகில் ஒரு மனிதர் வந்து அமர்ந்ததால்தான் காளிக்குப்பத்துப் பிள்ளைகள் உயர்ந்தனர். தில்லி முயற்சியை நேரில் கண்டு எழுதிய மார்க் வார்ஷவர், இணைப்பு அடிக்கடி அறுந்ததையும், பிள்ளைகள் பெரும்பாலும் விளையாட்டுகளிலேயே பொழுதைக் கழித்ததையும், பெற்றோர் மனநிறைவு கொள்ளாததையும் பதிவுசெய்தார். அவருடைய திறனாய்வும் இதே முடிவுக்குத்தான் கொண்டுவிடுகிறது. மித்ராவின் முயற்சியில் பாதுகாப்பு நோக்கில் கவனிக்கத் தக்க கூறு ஒன்று உண்டு. திரை தெருவைப் பார்த்து இருந்தது. கடந்து செல்லும் எவரும் அதைக் காண முடிந்தது. பல பிள்ளைகள் ஒரு திரை முன் நின்றனர். தகாத பக்கத்தைத் திறக்கும் துணிவைத் தனிமை தருகிறது. பலர் கூடியிருக்கும் இடம் அதை எடுத்துவிடுகிறது. உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் கணினிகளைச் சுவரோரமாக வரிசையிட்டு, திரைகள் அறையின் நடுவை நோக்குமாறு அமைத்து, ஒவ்வொன்றின் முன்னும் இருவர் மூவராக மாணவரை அமர்த்தினால், ஆசிரியர் நடுவில் நின்றபடியே எல்லாத் திரைகளையும் காணலாம். செலவில்லாத இந்த ஏற்பாடு, விலை கொடுத்து வாங்கும் வடிகட்டி மென்பொருள் பலவற்றைவிடப் பயனுள்ளது.

வடிகட்டி என்பது, குறித்த சொற்களோ முகவரிகளோ உள்ள பக்கங்களைத் திறக்க விடாமல் தடுக்கும் மென்பொருள். சிறுவர் பயிலும் இடத்தில் அது வேண்டியதே. ஆனால் அது சொல்லைத்தான் பார்க்கும், பொருளை அறியாது. உடலியல் பாடத்தைத் தடுத்துவிட்டு, பொய்யைப் பரப்பும் பக்கத்தைத் தாராளமாக உள்ளே விடும். பொய்யை இனங்காணும் பயிற்சியை எந்த மென்பொருளும் தாராது. அப்பயிற்சிக்கு உத்திரமேரூர் மாணவருக்கு வாய்த்திருக்கும் கருவி, உலகில் வேறெந்த ஊர் மாணவருக்கும் வாய்க்காதது.

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபத்துச் சுவரில், முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த இரண்டு கல்வெட்டுகள் உள்ளன. அவற்றின் காலம் முறையே 919, 921 எனக் கணிக்கப்பட்டுள்ளது. ஊராட்சி வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை அவை விரித்துரைக்கின்றன. பள்ளிப் பாடநூலில் இம்முறையைப் படிக்காத மாணவர் இல்லை. இணையத்தில் இதைத் தேடினால் நூற்றுக்கணக்கான பக்கங்களும் காணொலிகளும் வந்து குவியும். உலகின் முதல் மக்களாட்சி இதுவே என்று சில முழங்கும். ஊரார் அனைவரும் வாக்களித்தனர் என்று சில எழுதும். உறுப்பினருக்குரிய வயது 35 முதல் 70 வரை என்று ஒரு பக்கமும், 30 முதல் 60 வரை என்று மற்றொரு பக்கமும் கூறும். இந்த முரண்பாடுகளை ஒன்பதாம் வகுப்பு மாணவர் கூட்டம் ஒன்றிடம் ஒப்படைப்பதே மிகச் சிறந்த இணையப் பாடமாக அமையும்.

அவ்வாறு ஒப்படைக்கப்படும் வகுப்பு முதலில் கேட்க வேண்டியது, இப்பக்கத்தை எழுதியவர் யார், எதைப் பார்த்து எழுதினார் என்பதை. பெயரும் சான்றும் இல்லாத பக்கம் ஒருபுறம் ஒதுக்கப்படும். அடுத்து, பல பக்கங்கள் ஒரே செய்தியைச் சொன்னால் அவை தனித்தனியே ஆராய்ந்து சொல்லுகின்றனவா, ஒன்றைப் பார்த்து ஒன்று படியெடுத்தனவா என்று ஒப்பிட வேண்டும். ஒரே எழுத்துப்பிழை பத்துப் பக்கங்களில் வந்திருந்தால் அவை பத்துச் சான்றுகள் ஆகா. பின்னர் மூலத்துக்குச் செல்ல வேண்டும். இக்கல்வெட்டுகளின் வாசகம் ‘எபிகிராஃபியா இண்டிகா’ என்னும் தொல்லியல் தொகுதி வரிசையின் 22-ஆம் தொகுதியில் கே. வி. சுப்பிரமணிய ஐயரால் பதிப்பிக்கப்பட்டுள்ளது, கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி 1932-இல் வெளியிட்ட சோழர் ஆட்சிமுறை பற்றிய நூலிலும் விரிவாக ஆராயப்பட்டுள்ளது. மூலத்தை எட்டியவுடன் வயது பற்றிய முரண் தானே அவிழும். முதற்கல்வெட்டு ஒரு வரம்பையும், இரண்டே ஆண்டுகளில் அதைத் திருத்திய இரண்டாம் கல்வெட்டு வேறு வரம்பையும் வகுத்தன. இருவகைப் பக்கங்களும் தத்தம் கல்வெட்டை மட்டும் கண்டு எழுதியவை. தேடலில் எதிர்ப்படும் முரண்பாட்டுக்குப் பின்னால் இரு சான்றுகள் இருக்கக்கூடும் என்பதை ஒருமுறை கண்டறிந்த மாணவர் அதை வாழ்நாளில் மறவார்.

‘அனைவரும் வாக்களித்தனர்’ என்பதும் மூலத்தின் முன் நிற்பதில்லை. அந்நாளைய உத்திரமேரூர், அந்தணர்க்கு வழங்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். ஊர் முப்பது குடும்புகளாக, அதாவது பகுதிகளாக, பிரிக்கப்பட்டிருந்தது. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்குமேல் உடையவராய், சொந்த மனையில் வீடு கட்டி வாழ்பவராய், வேதக் கல்வி உடையவராய் இருந்தோரின் பெயர்களே ஓலையில் எழுதப்பட்டன. அவ்வோலைகள் குடத்திலிடப்பட, விவரம் அறியாத ஒரு சிறுவன் கைவிட்டு எடுத்தான். பெண்களுக்கும் உழுகுடிகளுக்கும் அங்கே இடமில்லை. குறிப்பிட்ட தகுதியுடையோருக்குள் திருவுளச் சீட்டால் பொறுப்பு மாறிமாறி வரச் செய்த நுட்பமான ஏற்பாடு அது. இன்றைய பொருளிலான வாக்குரிமை அன்று. இவ்வுண்மையைக் கண்டறிவதால் ஊரின் பெருமை ஒரு துளியும் குறைவதில்லை. பெருமைக்குரிய ஒன்றை மிகைப்படுத்தாமல் சொல்லக் கற்ற பிள்ளைகள், நாளை சாதியின் பெயராலும் மதத்தின் பெயராலும் வரும் மிகைகளையும் அதே கண்ணோடு பார்ப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, திரையில் படித்ததைச் சுவரில் சென்று பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்கு உண்டு. தேடுபொறி தரும் முடிவுகளுக்கு அப்பால் மெய்யான கல்லொன்று தம் ஊர்ச் சுவரில் நிற்கிறது என்பதை உணர்வதே இணையக் கல்வியின் முதற்பாடம்.

கண்டறிந்ததை ஆக்கமாக மாற்றுவது அடுத்த நிலை. இணையத்தில் தமிழ் இன்று பெற்றிருக்கும் செல்வத்தில் பெரும்பகுதி, ஊதியம் கருதாத தன்னார்வலர் கொடுத்தது. கு. கல்யாணசுந்தரம் முன்னின்று 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகின் பல மூலைகளில் வாழ்ந்த தமிழர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக வெளியிட்டனர். 2003 முதல் வளர்ந்துவரும் தமிழ் விக்கிப்பீடியாவும், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் காத்துவரும் நூலகம் திட்டமும் அவ்வழியில் வந்தவையே. இவ்வரிசையில் பள்ளிப் பிள்ளைகளும் சேர முடியும். உத்திரமேரூர் வட்டாரத்தில் திருப்புலிவனம், பெருநகர் முதலிய ஊர்களில் பழங்கோயில்கள் உள்ளன; ஏரிகளும் மதகுகளும் கலங்கல்களும் ஊர்தோறும் உள்ளன. இவற்றின் நல்ல ஒளிப்படங்களும் சரியான தமிழ்க் குறிப்புகளும் இணையத்தில் மிகக் குறைவு. ஒரு வகுப்பு தன் ஊர் ஏரியின் மதகுகளைப் படமெடுத்து, பெரியவர்களிடம் கேட்டு ஒவ்வொன்றின் பெயரையும் பாசனப் பரப்பையும் குறித்து, விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றினால், உலகில் எவரும் அதைப் பயன்படுத்தலாம். அங்கே ஏற்றும் படம் கட்டற்ற உரிமத்தில், அதாவது ஆக்கியவர் பெயரைச் சுட்டி எவரும் எடுத்தாளலாம் என்னும் ஒப்புதலோடு, வழங்கப்படுகிறது. பிறர் படத்தைக் கேளாமல் எடுத்து ஒட்டுவதற்கும் உரிமம் பார்த்து எடுத்தாள்வதற்கும் உள்ள வேறுபாடு, தன் படத்துக்குத் தானே உரிமம் தேர்ந்தெடுக்கும் மாணவருக்கு விளக்காமலே விளங்கிவிடும்.

இந்தப் பணியினூடேதான் பாதுகாப்பின் நுட்பங்களும் இயல்பாகக் கற்பிக்கப்படுகின்றன. கைப்பேசியில் எடுக்கும் படக்கோப்புக்குள் எடுத்த நாள், நேரம், சிலவேளை இருப்பிடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை ஆகியவையும் கண்ணுக்குத் தெரியாமல் பதிந்திருக்கும். இது மேல்தரவு எனப்படும். மதகின் படத்தில் அது இருப்பது பயனுடையது. வீட்டு வாசலில் எடுத்த மாணவியின் படத்தில் அது இருப்பது தீங்கானது. ஒரே செய்தி ஓரிடத்தில் நன்மையாகவும் வேறோரிடத்தில் கேடாகவும் ஆவதை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது. அவ்வாறே, பொதுவெளியில் எழுதும் பயனர்பெயரில் மாணவரின் இயற்பெயரோ பள்ளிப் பெயரோ பிறந்த ஆண்டோ இடம்பெறலாகாது என்பதும், படங்களில் முகமும் சீருடைப் பட்டையும் அடையாள அட்டையும் தெரியலாகாது என்பதும், அறிமுகமற்றவர் தனிச்செய்தி அனுப்பினால் விடையளிக்காமல் ஆசிரியரிடம் காட்ட வேண்டும் என்பதும் வேலையின் ஒழுங்காகவே படிந்துவிடும்.

ஏரி தரும் மற்றொரு பாடம் பறவைகள். வேடந்தாங்கலும் கரிக்கிலியும் தொலைவில் இல்லை. அங்கு வரும் நீர்ப்பறவைகள் உத்திரமேரூர்ப் பகுதி ஏரிகளிலும் இரை தேடுகின்றன. 2015 முதல் தமிழ்நாட்டில் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் எவரும் பங்கேற்கலாம். குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் கண்ட பறவைகளை எண்ணி, இ-பேர்ட் என்னும் தளத்தில் பதிவிட வேண்டும். ஆசிரியரின் ஒரே கணக்கில் வகுப்பு முழுதும் பதிவு செய்யலாம் என்பதால் மாணவரின் தனித்தரவு எதுவும் வெளியேறாது. நத்தைகுத்தி நாரையையும் சங்குவளை நாரையையும் குழப்பிக்கொண்ட பதிவுகளை மறு ஆய்வாளர்கள் கேள்வி கேட்டுத் திருப்பியனுப்புவதும் உண்டு; வெளியிட்டபின் திருத்தப்படுவது இழிவன்று என்பதை அவ்வனுபவம் கற்பிக்கிறது.

தவறான செய்தி உயிரைக் குடிக்கும் என்பதற்கு வெளிநாட்டுச் சான்று தேட வேண்டியதில்லை. 2018-ஆம் ஆண்டு மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் நடமாடுகிறார்கள் என்னும் வதந்தி வாட்ஸ்அப் வழியே வட தமிழகம் எங்கும் பரவியிருந்த வேளையில், அண்டை மாவட்டமான திருவண்ணாமலையில் போளூரை அடுத்த அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த சென்னைக் குடும்பத்தினர் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததைக் கண்டு ஐயுற்ற கூட்டம் அவர்களைத் தாக்கியது. 65 வயது மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். அந்த வதந்தியை அனுப்பிய ஒவ்வொருவரும் தம் பிள்ளைகளின் பாதுகாப்புக் கருதியே அனுப்பியிருப்பார்கள். சரிபார்க்காமல் முன்னனுப்புவது எத்தகைய பாதுகாப்புக் கேடு என்பதை இந்நிகழ்வைக் கொண்டு ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் விவாதிக்க வேண்டும். கேரளத்தில் 2001 முதல் பள்ளிக் கணினிக் கல்வியை நடத்திவந்த அமைப்பின் வழிவந்த கைட் நிறுவனம், ‘சத்தியமேவ ஜயதே’ என்னும் பயிற்சியின் மூலம் 2022-இல் 19.72 லட்சம் மாணவருக்குப் பொய்ச்செய்தியை இனங்காணக் கற்பித்தது. அண்டை மாநிலத்தால் இயன்றது தமிழ்நாட்டால் இயலாதது அன்று.

இனி, தனித்தரவு. தரவு என்பது ஒருவரைப் பற்றிப் பதிந்து வைக்கப்படும் எந்தச் செய்தியும் ஆகும். கொரோனாக் காலத்தில் 49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த 163 கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்த ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு, அவற்றுள் 145, குழந்தைகளின் உரிமைக்குக் கேடு விளைவிக்கும் வகையில் தரவைக் கையாண்டதாக 2022-இல் அறிவித்தது. அரசு பரிந்துரைத்தது என்பதாலேயே ஒரு செயலி தீங்கற்றது ஆகிவிடாது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு மின்னணுத் தனித்தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாத அனைவரையும் குழந்தை என்றே கொண்டு, அவர்தம் தரவைக் கையாளப் பெற்றோரின் மெய்ப்பிக்கத் தக்க ஒப்புதலை வேண்டுகிறது. குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரத்தையும் தடை செய்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

சட்டம் தலைநகரில் இயற்றப்பட, தரவு கசிவதோ மிக எளிய இடங்களில்தான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவர் கல்லூரி விண்ணப்பத்துக்காகப் பேருந்து நிலையத்து அருகிலுள்ள பிரவுசிங் சென்டருக்குச் செல்கிறார். அவருடைய ஆதார் அட்டை, சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் ஆகியவை ஸ்கேன் செய்யப்பட்டு, அக்கணினியின் பதிவிறக்கக் கோப்புறையிலேயே கிடக்கின்றன. கடவுச்சொல்லைச் சேமிக்கட்டுமா என்று உலாவி கேட்கும்போது ‘சரி’ என்பது அழுத்தப்படுகிறது. கணக்கிலிருந்து வெளியேறாமலே எழுந்து வருகிறார். அடுத்து அமர்பவர் நல்லவராக இருந்தால் தீங்கில்லை. பொதுக் கணினியில் சேமிக்காதே என்று சொல்லவும், வெளியேறும் பொத்தானை அழுத்தவும், தன் கோப்புகளை அழித்து, மறுசுழற்சித் தொட்டியையும் காலி செய்யவும் பழக்குவதற்குப் பள்ளி ஆய்வகத்தில் ஒரு பாடவேளை போதும். ஓடிபி எனப்படும் ஒருமுறைக் கடவுச்சொல்லை எவருக்கும் சொல்லலாகாது என்பதைப் பிள்ளைகள் கற்றால் அவர்தம் பாட்டன்மாரின் வங்கிக் கணக்கும் சேர்த்துக் காப்பாற்றப்படும்.

எல்லாவற்றினும் கனமானது பெண்பிள்ளைகளுக்கு நேரும் கொடுமை. ஒரு மாணவியின் படத்தை எடுத்துத் திரித்து மிரட்டுவதற்கு இன்று தொழில்நுட்ப அறிவே தேவையில்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் அதை நொடியில் செய்து தருகின்றன. மிரட்டப்பட்ட மாணவி வாய் திறப்பதில்லை. திறந்தால் முதலில் பறிபோவது அவளுடைய கைப்பேசி, அடுத்தது படிப்பு, அதன்பின் அவசரத் திருமணம் என்பதை அவள் அறிவாள். ஆகவே ஒரு பள்ளி வகுக்க வேண்டிய முதல் விதி, நடந்ததைச் சொல்ல வரும் பிள்ளைக்கு எக்காரணத்தாலும் தண்டனையோ ஏச்சோ இல்லை என்பதே. அவள் விதியை மீறிக் கைப்பேசி வைத்திருந்தாலும் சரி, அறியாதவரோடு பேசியிருந்தாலும் சரி. குழந்தைகளை ஆபாசமாகச் சித்திரிக்கும் படத்தை ஆக்குவதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படி குற்றம். குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. பள்ளியின் பெயர் கெடும் என்று மூடி மறைக்கும் உரிமை தலைமையாசிரியருக்கோ ஊர்ப் பெரியவருக்கோ இல்லை. குழந்தைகள் உதவி எண் 1098, இணையக் குற்றப் புகார் எண் 1930, தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண் 14417 ஆகிய மூன்றும் ஆய்வகச் சுவரிலும் கழிப்பறைக் கதவின் உட்புறத்திலும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் அவற்றைக் குறித்துக்கொள்ள ஒரு மாணவி தயங்குவாள்.

ஆசிரியர்களின் பழக்கமும் இங்கே ஆய்வுக்குரியது. பள்ளி விழாவில் ஆடிய சிறுமியரின் படங்களைப் பெயர், வகுப்பு, ஊர் விவரங்களோடு சமூக ஊடகத்தில் பதிவிடுவது அன்பினால் செய்யப்படுவதுதான். ஆயினும் பெற்றோரைக் கேளாமல் அதைச் செய்யலாகாது. பிள்ளைகளிடம் எதிர்பார்க்கும் கட்டுப்பாட்டை முதலில் கடைப்பிடிக்க வேண்டியவர்கள் பெரியவர்கள்.

இவ்விதிகளை வகுப்பது யார்? இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், உறுப்பினருள் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. கட்டடம், குடிநீர், சத்துணவு ஆகியவை பற்றிப் பேசும் இக்குழுக்கள் இணையம் பற்றிப் பேசுவது அரிது. அது படித்தவர் பொருள் என்னும் தயக்கமே காரணம். கணினியை இயக்கத் தெரியாத ஒரு தாய்க்கும், தன் மகளின் படம் எங்கே போகலாம், எங்கே போகலாகாது என்று சொல்லத் தெரியும். குடவோலைக் கல்வெட்டு இங்கே ஒரு முன்மாதிரியும் தருகிறது: வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் அப்பொறுப்புக்கு வரலாகாது என்று வகுத்த சபை, அவ்விதியை எல்லாரும் காணும் சுவரில் வெட்டி வைத்தது, குறை கண்டபோது இரண்டே ஆண்டில் திருத்தவும் செய்தது. ஆய்வகம் வாரத்துக்கு எத்தனை மணிநேரம் திறந்திருந்தது, எந்த வகுப்பு என்ன செய்தது, எந்தக் கணினி பழுதாகி எத்தனை நாள் ஆயிற்று என்னும் கணக்கு, பெற்றோர் பார்க்கும் பலகையில் மாதந்தோறும் எழுதப்பட வேண்டும். பூட்டியே கிடக்கும் ஆய்வகத்தில் மாணவருக்குப் பாதுகாப்பு ஒன்றும் இல்லை. அது அவர்களைத் தனிமையான கைப்பேசிக்கே திருப்பி அனுப்புகிறது.

6 முதல் 9 வரையுள்ள வகுப்புகளுக்குச் செயற்கை நுண்ணறிவையும் எந்திரனியலையும் அறிமுகப்படுத்தும் டிஎன் ஸ்பார்க் பாடத்திட்டம் 2025-இல் தமிழ்நாட்டில் வந்திருக்கிறது. கேட்டதற்கெல்லாம் தடையின்றி விடை எழுதித் தரும் கருவி மாணவர் கைக்கு வரும்போது, விடையைப் பெறுவதைவிட விடையை ஐயுறுவதே பயிற்றப்பட வேண்டிய திறன் ஆகிறது. குடவோலை பற்றி அக்கருவியைக் கேட்டு, அது தந்த விடையைக் கல்வெட்டு வாசகத்தோடு ஒப்பிட்டுப் பிழை திருத்தும் பாடம், உத்திரமேரூரில் எந்தச் செலவுமின்றி நாளையே தொடங்கத் தக்கது. ஆசிரியருக்கு வேண்டுவது நேரம். பதிவேடுகளையும் இணையவழிப் புள்ளிவிவரங்களையும் நிரப்பும் சுமையிலிருந்து வாரத்துக்கு இரண்டு பாடவேளைகளையாவது விடுவித்துத் தருவது கல்வித்துறையின் கடமை.

உத்திரமேரூர் ஒன்றியத்தில் 73 ஊராட்சிகள் உள்ளன. அவ்வூர்ப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுக்களில் அமர்ந்திருக்கும் பெற்றோர், அடுத்த கூட்டத்தின் பொருள்நிரலில் மூன்று கேள்விகளைச் சேர்க்க வேண்டும்: ஆய்வகத்தின் சாவி யாரிடம் உள்ளது, சென்ற மாதம் பிள்ளைகள் அங்கே எதை ஆக்கினார்கள், அவர்களுக்குத் தீங்கு நேர்ந்தால் யாரிடம் சொல்வார்கள். விடைகள் கிடைக்கும்வரை அம்மூன்றையும் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.